நாங்களே செய்த டெலிபோன்

நேற்று உத்திரமேரூர் பஜாரில் மிக்ஸியை ரிப்பேருக்குக் கொடுத்துவிட்டு நின்றிருந்தேன். கடைக்காரர் சால்டரிங் ராடை வைத்ததும் ஈயம் உருகிப் புகை சுருண்டு எழுந்தது. மற்றவர்கள் மூக்கைப் பொத்துவார்கள். நான் ஒரு அடி முன்னால் போய் நின்றேன். எனக்கு அது இருபது வயசின் வாசனை.

இரண்டாயிரத்துக்குப் பிறகான முதல் சில வருடங்கள். விடிவதற்குள் கம்பெனி பஸ் எங்கள் ஊர்ப் பெண்களை அள்ளிக்கொண்டு போய்விடும். டெலிபோன் செய்யும் கம்பெனி. பச்சைத் தகட்டில் பொடிசாக ஒன்றைச் செருகிப் பற்றவைப்பது என் வேலை. அது எதற்கு என்று கேட்டால், "தெரிஞ்சிக்கினு இன்னா பண்ணப்போற, கையைப் பாரும்மா" என்பார் சூப்பர்வைசர். தகடு திரும்பி வரும், கூடவே திட்டும் வரும். காரணம் மட்டும் வராது. பக்கத்து நாற்காலி மும்தாஜ், பாத்திரக்கடைக்காரர் மகள், அப்படியொரு பொறுமைசாலி. அவளே ஒருநாள், ரம்ஜானோடு வேலையிலிருந்து நின்றுவிடப்போவதாகச் சொன்னாள். நானும் வீட்டில் சொல்ல ஒரு முதுகுவலியைத் தயாராக வைத்திருந்தேன்.

அந்த வாரம்தான் டிரெய்னிங் என்று எங்களை லைனிலிருந்து எழுப்பினார்கள். எழுந்ததே திருவிழாவாக இருந்தது. சொல்லிக்கொடுக்க வந்த ரேவதிக்கு எங்கள் வயசுதான், அவள் எடுத்த முதல் வகுப்பும் அதுதான். போர்டில் எதையோ எழுதி, தடுமாறி, அழித்துவிட்டு, ஒரு டெலிபோனை மேசைமேல் அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றிப் போட்டாள். "நீங்களே சேத்து மாட்டுங்க. உங்க பீஸ் எங்க போவுதுன்னு தெரியும்" என்றாள்.

என் பொடிசுதான் மணியை அடிக்கவைப்பதாம்! மும்தாஜுடையது குரலுக்கு. சூடு போதாவிட்டால் ஈயம் மங்கிக் கிடக்கும், பிறகு விட்டுப்போகும். சரியாக ஒட்டினால் பளபளக்கும். அத்தனை மாதத் திட்டுக்கும் காரணம் இவ்வளவுதானா!

டிரெய்னிங்கின் கடைசி நாள், நாங்கள் மாட்டிய போன்களை கம்பெனி இன்டர்காமில் இணைத்தார்கள். மும்தாஜ் அடுத்த அறைக்குப் போனாள். என் முன்னால் இருந்த போன் மணியடித்தது. என் மணி! எடுத்துக் காதில் வைத்தேன்.

"நான் செஞ்ச போன்ல பேசிக்கினு கீறேன்டி. கேக்குதா?"

"கேக்குதுடி" என்றேன்.

"நான் நிக்கல. இன்னிக்கே கடைக்குப் போயி அத்தாகிட்ட சொல்லிடுறேன்."

சம்பளம் ஏறவில்லை. ஆனால் தூங்கி வழிந்த பஸ்ஸில் ஊர் வரும்வரை பேச்சுதான். தகடுகள் திரும்பி வருவது குறைந்தது. சூப்பர்வைசரே ஒரு தகட்டை நீட்டி, "இது சரியா கீதான்னு பாரும்மா" என்று கேட்க ஆரம்பித்தார். ராஜகுளத்தில் மாமா வீட்டு போனைக் கவிழ்த்து நான் திருகாணியில் கைவைக்க, அத்தை பதறிப்போய்ப் பிடுங்கிக்கொண்டார். உள்ளே இருப்பதில் பாதி என் வேலைதான் என்றேன். அவர் நம்பவில்லை.

பிறகு எல்லார் கையிலும் செல்போன் வந்தது. எங்கள் லைனை மூடினார்கள். அந்தக் கட்டடம் இப்போது குடோன். மும்தாஜ் கல்யாணமாகி வேலூர் போய்விட்டாள். இன்று யார் கூப்பிட்டாலும் பேர் முன்னாலேயே தெரிந்துவிடுகிறது. யாரென்று தெரியாமலே, அடுப்பை அப்படியே விட்டுவிட்டு வீடே ஓடிப்போய் எடுக்குமே, அந்த மணி எங்கள் தெருவில் ஒரு வீட்டிலும் இல்லை.