சந்தனம் வைத்த ராடு

1. கிள்ளானில் ஒரு சத்தம்

மெஷினை ஓட விட்டதும் நான் புதிதாக மாட்டிய ரோலர் தட்டியது. டக், டக் என்று நின்று நிதானமாகத் தட்டியது. கிள்ளானில் அந்த ரப்பர் ஆலையை நடத்திய சீன முதலாளி, நாங்கள் எல்லாரும் தவுக்கே என்றுதான் அழைப்போம், வெளியே நாற்காலியில் உட்கார்ந்து கோப்பி குடித்துக்கொண்டிருந்தார். காது மந்தம் என்று ஊரெல்லாம் சொல்வார்கள். காசு கேட்கிறவர்களுக்கு மட்டும்தான் அந்த மந்தம் போலிருக்கிறது. கோப்பியைப் பாதியில் வைத்துவிட்டு உள்ளே வந்தார்.

"தம்பி, என்னா சத்தம் இது?"

"புதுசு இல்லையா தவுக்கே. கொஞ்சம் ஓடினா அடங்கிடும்."

"புதுசு தட்டுமாலா? பழசு ஒடைஞ்சு போச்சு, ஆனா தட்டலே. இது லோங்கார்லா, லோங்கார்!"

லோங்கார் என்றால் மலாய் மொழியில் தொளதொளப்பு. மனுஷர் கையால் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை, காதால் கேட்டே சொல்லிவிட்டார். நான் மெஷினை நிறுத்தி, ரோலர் தண்டுக்கும் அதைத் தாங்கும் கன்மெட்டல் வளையமான புஷ்ஷுக்கும் நடுவில், இடைவெளி அளக்கும் பீலர் தகடுகளைச் செருகிப் பார்த்தேன். ஒன்று போனது. அதன்மேல் இன்னொன்று போனது. மூன்றாவதும் போனது.

அப்போது நான் பிரிக்பீல்ட்ஸில் ரயில் பாதையோரம் இருந்த ஓர் இஞ்சினீயரிங் பட்டறையில் பிட்டர். பட்டறையில் செய்யும் உருப்படிகளை வெளியே கொண்டுபோய் மாட்டிக் கொடுப்பது என் வேலை. ஆகவே எங்கே எது கெட்டாலும் முதல் திட்டு எனக்குத்தான் விழும். அது எனக்குப் பழக்கம். அன்று நான் பயந்தது எனக்காக அல்ல. அந்தப் புஷ்ஷுகளைக் குடைந்தவர் வேலாயுதம் அண்ணன். அவை கெட்டுப்போனால் அவருக்கு என்ன ஆகும் என்பது பட்டறை முழுவதற்கும் தெரியும்.

2. பூசைக்குக் கொடுத்த வாக்கு

வேலாயுதம் அண்ணன் எங்கள் லேத்துப் பகுதிக்கு மேஸ்திரி. முன்கோபி. வாயைத் திறந்தால் வசவு, கையை வைத்தால் வேலை சுத்தம். ஆயுத பூசையைப் பட்டறைக்குள்ளேயே செய்ய வேண்டும் என்று அவருக்கு வெகுநாள் ஆசை. அதுவரை ஆளாளுக்கு ஒரு சுத்தியலையோ ஸ்பேனரையோ வீட்டுக்குக் கொண்டுபோய்க் கும்பிட்டு வந்தார்கள்.

"லேத்தைத் தூக்கிக்கிட்டு வீட்டுக்குப் போக முடியுமாடா? சோறு போடுறது அதுதானே?" என்பார்.

கடைசியில் அந்த ஆண்டு அவரே துரையிடம் போய் நின்றார். எங்கள் துரை ஸ்காட்லாந்துக்காரர். தோட்டங்களில் மெஷின் பார்த்த காலத்தில் தமிழ் படித்துக்கொண்டவர். எழுத்துத் தமிழ் வராது, ஏச்சுத் தமிழ் நன்றாக வரும்.

"அரை நாள் மெஷின் நிக்கணுமா? வேலாயுதம், இப்போ ரப்பர் வெலை என்னா தெரியுமா?"

"தெரியும் தொரை. பூசையாலே வேலை கெடாது. கெட்டா நான் பொறுப்பு."

"சரி. நல்லாக் கேட்டுக்கோ. வேலை கெட்டா பூசையும் இல்லே, நீயும் இல்லே."

ரப்பர் விலை சரிந்து, தோட்டங்களிலிருந்து கூட்டங் கூட்டமாக ஆட்களைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்த காலம் அது. வேலை போனால் அடுத்தது நாகப்பட்டினம் கப்பல்தான். அண்ணன் மனைவி அப்போது நிறைமாதம். அவ்வளவும் தெரிந்துதான் மனுஷர் வாக்குக் கொடுத்தார்.

பூசை அமர்க்களமாக நடந்தது. லேத்துகளுக்கு மாலை, வாசலில் வாழைமரம், சுண்டல், பொரிகடலை. நான் கத்தோலிக்கன். ஆனாலும் பொரி வாங்கி வந்தது நான்தான், அதிகமாகத் தின்றதும் நான்தான். பொரிக்கு வேதம் கிடையாது. கருவிகளையெல்லாம் கழற்றி, துடைத்து, எண்ணெய் போட்டு, வாழையிலையில் பரப்பி வைத்தார்கள். அண்ணன் குளித்து, ஈர வேட்டியோடு ஒவ்வொன்றுக்கும் தம் கையாலேயே சந்தனமும் குங்குமமும் வைத்தார். துரைகூட வந்து தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார்.

கிள்ளான் ரோலரின் தண்டைப் பூசைக்கு முந்தின வாரமே கடைந்து முடித்திருந்தோம். புஷ்ஷுகளை அண்ணன் பூசைக்கு மறுநாள் காலையில் குடைந்தார். நல்ல நாளில் தொடங்கும் முதல் வேலை என்று ஆசையாகச் செய்தார்.

3. மடியில் ஒரு காலிப்பர்

தவுக்கேயிடம் கெஞ்சி இரண்டு நாள் தவணை வாங்கினேன். புஷ்ஷுகளைக் கழற்றிச் சாக்கில் போட்டேன். தண்டின் கனத்தை என் காலிப்பரில் பிடித்து, கால்கள் அசையாதபடி திருகி இறுக்கி, துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு ரயில் ஏறினேன். எதிரே உட்கார்ந்திருந்த அம்மாள் துண்டையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"என்னாங்க தம்பி, பச்சப்புள்ளையா?"

"இல்லேக்கா, அளவு."

"அளவா? அதை எதுக்குப்பா இப்படிப் பொத்திப் பொத்தி வெச்சிருக்கே?"

"கொஞ்சம் அசைஞ்சாலும் மாறிடும்க்கா."

அவர் என்ன நினைத்தாரோ, மெல்ல அடுத்த இருக்கைக்குத் தள்ளி உட்கார்ந்துவிட்டார்.

பட்டறைக்கு வந்ததும் முதலில் புஷ்ஷை எங்கள் பெரிய மைக்ரோமீட்டரோடு ஒப்பிட்டேன். சரியாக இருந்தது. சொன்ன அளவு அப்படியே இருந்தது. பிறகு ஏன் தட்டுகிறது? அடுத்து காலிப்பரில் பிடித்து வந்த தண்டு அளவை அதே மைக்ரோமீட்டரில் பார்த்தேன். எட்டு தௌ குறைவாகக் காட்டியது. ஓர் இன்ச்சை ஆயிரமாக வெட்டினால் வரும் ஒரு துண்டைத்தான் பட்டறையில் தௌ என்போம். பூசைக்கு முன்னால் இதே தண்டை இதே மைக்ரோமீட்டர் மூன்றரை இன்ச் என்று சொல்லியிருந்தது. ஒரு வாரத்தில் இரும்பு மெலியாது. மாறியிருப்பது மைக்ரோமீட்டர்தான்.

பூசைக்காகக் கழற்றி மாட்டிய கருவி அது. மறுபடி மாட்டும்போது அதன் அளவைப் புதிதாகச் சரிசெய்ய வேண்டும். அதற்கென்று சரியாக மூன்று இன்ச் நீளத்தில் ஓர் எஃகு ராடு உண்டு. ராடின் இரு முனைகளையும் மைக்ரோமீட்டரின் வாயில் கவ்வக் கொடுத்து, 'இதுதான் மூன்று' என்று அதற்குச் சொல்லிக்கொடுப்போம். பட்டறையில் மற்றதெல்லாம் அந்த ராடைப் பார்த்துத்தான் நடக்கும்.

பெட்டியைத் திறந்து ராடை எடுத்தேன். ஒரு முனையில் சந்தனப் பொட்டு. திருப்பினேன். மறுமுனையிலும் ஒன்று. காய்ந்து, அழுந்தி, நகத்தால் சுரண்டினால்தான் வரும்போல ஒட்டிக்கொண்டிருந்தது. சந்தனத்தோடு சேர்த்து எட்டு தௌ கூடிப்போன நீளத்தை மூன்று இன்ச் என்று நம்பியிருக்கிறது மைக்ரோமீட்டர். அந்த நம்பிக்கையில் குடைந்த புஷ்ஷுகள் எல்லாம் எட்டு தௌ பெரிதாகப் போயிருக்கின்றன.

அண்ணனிடம் காட்டினேன். முகம் சிவந்துவிட்டது.

"வேதக்காரனுக்கு என் சந்தனம்தான் கண்ணுலே பட்டுச்சா? பட்டறையிலே வேற குத்தமே இல்லையாடா?"

"அண்ணே, நீங்களே அளந்து பாருங்க."

அளந்தார். ராடைத் துண்டில் வைத்துக்கொண்டு கருவிப் பெட்டிமேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். கோபம் போன இடம் தெரியவில்லை. அதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. திட்டினால்கூடத் தேவலை என்றிருந்தது.

"அண்ணே, நீங்க இதைப் பார்க்கலையா?"

"பார்த்தேன்டா. அழிக்க மனசு வரலே. வெச்ச பொட்டை யாருடா கையாலே அழிப்பான்? தானா உதிர்ந்துடும்னு விட்டுட்டேன்."

நம்மவர்களில் யாராக இருந்தாலும் அப்படித்தான் விட்டிருப்பார்கள். பொட்டை அழிப்பது எந்த வீட்டில் எப்போது நடக்கும் என்று நமக்குத் தெரியும். நிறைமாத மனைவியை வீட்டில் வைத்துக்கொண்டு அவர் எப்படிச் செய்வார்?

நான் ஒரு யோசனை சொன்னேன். "அண்ணே, நான் தொடைச்சிடறேன். எனக்கு ஒண்ணும் இல்லே. வெயில்லே கன்மெட்டல் விரிஞ்சுபோச்சுன்னு தொரைகிட்ட சொல்லிடுவோம்."

ராடைத் துண்டில் சுற்றிக்கொண்டார். பிறகு எழுந்தார்.

"வேணாம்லா. வெயில்னு சொன்னா அடுத்த புஷ்ஷை எட்டு தௌ கொறைச்சுக் குடைன்னுவாரு. அதுவும் கெடும். அதுக்கு யாரு மேலே பழி போடுறது? பொய் சொல்லிக் காப்பாத்துற பூசை எனக்கு வேணாம். வா, போவோம்."

4. துரையின் மேஜை

ராடையும் மைக்ரோமீட்டரையும் துரையின் மேஜைமேல் வைத்தார் அண்ணன். நடந்ததைச் சொன்னார். ஒன்றையும் மறைக்கவில்லை. துரை பொட்டோடு ராடை அளந்தார். சரியாக மூன்று இன்ச் காட்டியது. ராடை அண்ணன் பக்கம் நீட்டினார்.

"தொடை."

அண்ணன் கை நீளவில்லை. துரை காத்திருந்தார். நான் முன்னால் போய் வாங்கி, என் சட்டை நுனியில் மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்துக் கொடுத்தேன். மறுபடி அளந்தார். எட்டு தௌ குறைந்தது. சுருட்டை எடுத்துப் பற்றவைக்காமல் வாயில் வைத்துக்கொண்டார்.

"வேலாயுதம், நான் என்னா சொன்னேன்?"

"வேலை கெட்டா பூசையும் இல்லே, நானும் இல்லேன்னு சொன்னீங்க தொரை."

"நாளைக்கு அந்தப் புஷ்ஷை உருக்கி ஊத்து. புதுசு குடை. அதுக்கு யாரு குடைவா, நீ இல்லாட்டி?"

எனக்கு உடனே புரியவில்லை. அண்ணனுக்குப் புரிந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இந்தப் பட்டறையிலே கெட்ட வேலைக்கெல்லாம் பழி வெயில் மேலே வரும், மழை மேலே வரும், இரும்பு மேலே வரும். மனுசன் தானா வந்து ஏத்துக்கிட்டதைப் பார்த்தது இல்லே," என்றார் துரை. "பூசை இருக்கட்டும். ஆனா வேலை செய்றவன் ஒருத்தன், அளந்து பார்க்கிறவன் வேற ஒருத்தன். இனிமே அப்படித்தான். நீ செக்கரா இரு."

அண்ணன் தலையை ஆட்டினார். "நான் வேணாம் தொரை. பொட்டு என் கண்ணுலே பட்டுச்சு, கை வரலே. இப்பவும் வரலே, நீங்களே பார்த்தீங்க. இந்தப் பயலைப் போடுங்க. என் சந்தனத்தை என் மூஞ்சிக்கு நேரே குத்தம்னு சொன்னவன் இவன்."

அப்படித்தான் நான் செக்கர் ஆனேன். சம்பளம் கூடியது, சிநேகிதர்கள் குறைந்தார்கள். கெட்டது என்று சொல்வதற்கே சம்பளம் வாங்குகிறவனோடு யார் டீ குடிப்பார்கள்? அண்ணன் மட்டும் குடித்தார்.

5. முதல் உருப்படி

என் மேஜைக்கு வந்த முதல் உருப்படியே அந்தக் கிள்ளான் புஷ்ஷுகள்தான். அண்ணனே தட்டில் வைத்துக் கொண்டுவந்து நின்றார். ராடைத் துடைத்து, மைக்ரோமீட்டரைச் சரிபார்த்து, ஒவ்வொன்றாக அளந்தேன். எல்லாம் சரி. கடைசி ஒன்றில் மட்டும் இரண்டு தௌ கூட.

இரண்டு தௌ தட்டாது. தவுக்கேயின் காதுக்கும் எட்டாது. நேற்றுத்தான் வேலை தப்பிய மனுஷர் எதிரே நிற்கிறார். இருந்தாலும் அதைத் தனியாக எடுத்து அவர் பக்கம் தள்ளி வைத்தேன்.

"இது ஆகாதுண்ணே."

பட்டறையே வேலையை விட்டுவிட்டு எங்களைப் பார்த்தது. அண்ணன் புஷ்ஷை எடுத்தார். என்னைப் பார்த்தார். என் தாத்தா வரைக்கும் இழுத்துத் திட்டிவிட்டு, விறுவிறுவென்று துரையின் அறைப்பக்கம் போனார். முறையிடத்தான் போகிறார் என்று நினைத்தேன்.

"தொரை!" என்று வாசலில் நின்றே கத்தினார். "நான் சொன்ன ஆளு சரியான ஆளுதான்!"

இன்றைய பிள்ளைகளுக்கு என்னிடமிருந்து எதுவும் தேவைப்படாது. எங்களைவிட நல்ல கருவிகள் அவர்களிடம் இருக்கின்றன. ஒன்று மட்டும் சொல்வேன். தப்பைக் கண்டால் செய்தவரிடமே முதலில் போய்ச் சொல்லுங்கள், அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். திட்டு விழும், வாங்கிக்கொள்ளுங்கள். வேலாயுதம் அண்ணன் என்னைத் திட்டிக்கொண்டே அந்தப் புஷ்ஷை மறுபடி குடைந்து கொண்டுவந்தார். அளந்தேன். முடியளவு பிசகில்லை.

"இப்ப என்னாடா சொல்றே?" என்றார்.

"நல்லா இருக்குண்ணே" என்றேன். ஒரு செக்கர் வாயிலிருந்து வரும் நல்ல வார்த்தைக்கு என்ன மதிப்பு என்று அவர் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.