மிஸ் டைனியைத் தெரியும், யூஃபீமியாவைத் தெரியாது

டீச்சர் ஹாட்டன் பேனாவின் மூடியைக் கழற்றினார். பாஸ்போர்ட் விண்ணப்பத்தை முகத்துக்கு நேரே பிடித்து ஒரு வரி படித்தார். பிறகு மூடியைத் திரும்பவும் பேனாவில் மாட்டிவிட்டார்.

"யூஃபீமியா கிளமென்டினா பார்ட்லி. இது யாரு?"

"நான்தான் டீச்சர்," என்றாள் மிஸ் டைனி.

"உன்ன எனக்கு மிஸ் டைனின்னு தெரியும். யூஃபீமியான்னு ஒருத்திய எனக்குத் தெரியாதே."

அவர் விளையாடுகிறார் என்று நினைத்து மிஸ் டைனி சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. சிரித்த வாயை எப்படி மூடுவது என்று தெரியாமல் அவள் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

எங்கள் மலையில் எல்லாருக்கும் பேர் இரண்டு. ஒன்று பிறப்புச் சான்றிதழோடு டிரங்குப் பெட்டிக்குள் கிடக்கும். மற்றொன்றுதான் ரோட்டில் நடமாடும். பிறந்தபோது டைனி ஒரு உள்ளங்கையில் அடங்கினாளாம், அதனால் பொடிசு என்று அந்தப் பேர். இப்போது அவள் ஏறினால் டாக்ஸியின் பின் சீட்டில் இன்னொருவர்தான் உட்காரலாம், ஆனாலும் பேர் மாறவில்லை. ஆள் செத்தால்தான் பெட்டிக்குள் இருக்கிற பேர் வெளியே வரும். ரேடியோவில் மரண அறிவிப்பு வாசிப்பவர் அந்த நீளமான பேரைச் சொல்லும்போது, "யாருடா இது செத்தது?" என்று எல்லாரும் விழிப்போம். கடைசியில் "டைனி என்று அன்புடன் அழைக்கப்பட்டவர்" என்று வரும்போதுதான் ஐயோ என்று கையைத் தலையில் வைப்போம்.

"அப்ப நான் செத்தாத்தான் உங்களுக்கு என்னத் தெரியும்போல," என்றாள் மிஸ் டைனி. "உசுரோட வந்து நிக்கிறது என் தப்பு."

"கோபப்படாத. நான் ஜே.பி., சர்க்காருக்குச் சாட்சிக் கையெழுத்துப் போடுறவன், என் கையெழுத்துன்னா அது சத்தியம். போன வருஷம் ஒருத்தன் தம்பி பேர்ல பாஸ்போர்ட் எடுக்க என்னைக் கையெழுத்துப் போட வச்சிட்டான். கோர்ட்டுல போய் நின்னேன். இந்தப் பேர்ல உன்னத் தெரிஞ்ச யாரையாவது கூட்டிட்டு வா, பாப்போம்."

"இந்தப் பேர்ல என்னத் தெரிஞ்சவங்க என் அப்பாவும் அம்மாவும். சர்ச்சுக்குப் பின்னால படுத்திருக்காங்க. எழுப்பிக் கூட்டிட்டு வரட்டுமா?"

டீச்சர் ஹாட்டன் விண்ணப்பத்தை மடித்து அவளிடமே திருப்பிக் கொடுத்தார். அதோடு பேச்சு முடிந்தது.

மிஸ் டைனி அவர் வீட்டுப் படி இறங்கி வந்தாள். மூச்சு வாங்கியது, நடையால் அல்ல. ஊர்ப் பள்ளிக்கூட வாசலில் அவள் மீன் வறுத்து விற்ற காலம் முழுக்க அவர் அங்கே தலைமை ஆசிரியர். அவருக்கு வால் துண்டுதான் பிடிக்கும், மரவள்ளிக்கிழங்கு பாமி ரொட்டி ஓரம் கருகியிருக்க வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும். அவர் மனைவி எழுந்திருக்க முடியாமல் கிடந்த கடைசி மாதங்களில் உடம்பு துடைத்துவிட்டது, துணியைப் போல மடங்கிப் போன அந்த அம்மாவைப் புரட்டிப் படுக்க வைத்தது யார்? அன்றைக்கு யாரும் சான்றிதழ் கேட்கவில்லை. தொட்டுத் துடைக்க டைனி போதும். கையெழுத்து என்றால் மட்டும் யூஃபீமியா யார் என்று கேட்பார்கள். இதை எழுதுவதற்குக் கர்த்தர் என்னை மன்னிக்கட்டும்.

அவள் ஊர் சுற்றிப் பார்க்கக் கிளம்பவில்லை. மகள் நடீன் கேமன் தீவில் வேலை செய்கிறாள். இரண்டு பிள்ளைகள் வயிற்றிலேயே போய்விட்டன. இது மூன்றாவது. எழுந்து நடக்கக் கூடாது என்று டாக்டர் படுக்க வைத்துவிட்டார். புருஷனுக்குக் கப்பலில் வேலை, கரையில் இருக்கும் நாள் குறைவு. "அம்மா, தண்ணி மொண்டு குடுக்கக்கூட ஆளில்ல, எப்பம்மா வர்ற?" என்று போனில் கேட்கிறவளுக்கு மிஸ் டைனி என்ன சொல்வாள்? உன் அம்மா யாரென்று இங்கே யாருக்கும் தெரியவில்லை என்றா?

ரோட்டில் மாஸ் கோக்கோ டாக்ஸியை நிறுத்தினார். நரைத்த தாடி, எப்போதும் வாயில் ஒரு குச்சி.

"என்ன மிஸ் டைனி, மூஞ்சி சுட்ட சீமைப்பலாக்கா மாதிரி கருத்திருக்கு?"

அவள் சொன்னாள்.

"அடச்சீ. பாஸ்டர்கிட்டக் கையெழுத்து வாங்கிக்க வேண்டியதுதானே?"

"பாஸ்டர் வந்தே நாலு மாசம்தான் ஆச்சு. ஒரு வருஷமாவது பழகியிருக்கணுமாம்."

"அப்ப வண்டில ஏறு. டவுன்ல ஒரு ஜே.பி. இருக்காரு. மூஞ்சியப் பார்க்காமலே போடுவாரு. ஆட்டுக்குட்டி போட்டோவக் குடுத்தாக்கூடப் போடுவாரு."

"அது பொய் சாட்சி, மாஸ் கோக்கோ. பொய்யச் சொல்லி வாங்கின பாஸ்போர்ட்டோட போயி என் பேரப்பிள்ளையத் தூக்குவேனா?"

"சரிதான். உள்ளதச் சொல்ற உனக்குக் கையெழுத்து இல்ல. ஆட்டுக்குட்டிக்கு உண்டு. நல்ல நாடு."

ஞாயிற்றுக்கிழமை வந்தது. எங்கள் சபையில் சாட்சி நேரம் என்று ஒன்று உண்டு. யார் வேண்டுமானாலும் எழுந்து கர்த்தர் செய்ததைச் சொல்லலாம். பேச்சு நீண்டால் பாஸ்டர் கண் காட்டுவார், சிஸ்டர் வினெட் தம்புரினைத் தட்டிப் பாட்டைத் தொடங்கிவிடுவாள், பேசுகிறவர் உட்கார்ந்தே ஆக வேண்டும்.

மிஸ் டைனி எழுந்தாள். எழ வேண்டும் என்று நினைத்துக்கொண்டு வரவில்லை. முன் வரிசையில் டீச்சர் ஹாட்டனின் இஸ்திரி போட்ட முதுகு தெரிந்தது. அவ்வளவுதான்.

"சபையாருக்கு ஸ்தோத்திரம். சாட்சி சொல்லணும்னு நிக்கிறேன். ஆனா யார் நிக்கிறதுன்னு தெரியல. டைனிய எல்லாருக்கும் தெரியும். சர்க்கார் டைனியக் கேக்கல. என் சொந்தப் பேர்ல என்ன ஒருத்தருக்கும் தெரியாதாம்."

யாரோ இருமினார்கள். பாஸ்டர் சிஸ்டர் வினெட்டைப் பார்த்தார். வினெட் தம்புரினை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டாள்.

அப்போது மிஸ் டைனி கண்ணை மூடி, சின்னப் பிள்ளைக் குரலில், ராகம் போட்டுச் சொல்லத் தொடங்கினாள்.

"ஆண்டர்சன், மில்ட்ரெட்."

"அவ போய்ச் சேந்துட்டா," என்று ஒரு கிழவி முணுமுணுத்தாள்.

"பார்ட்லி, யூஃபீமியா. பிரசன்ட், சார்." சொல்லிவிட்டு அவளே நெஞ்சில் தட்டிக்கொண்டாள். "கேல், தியோஃபிலஸ்."

பின் வரிசையில் மாஸ் கோக்கோ வாயிலிருந்த குச்சியை எடுத்துவிட்டு எழுந்தார். "பிரசன்ட், சார்."

இளசுகள் திரும்பிப் பார்த்துக் கெக்கலித்தன. மாஸ் கோக்கோவுக்குத் தியோஃபிலஸ் என்று ஒரு பேர் இருப்பது அவர்களுக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

"ஹாட்டன், லாசெல்ஸ்."

முன் வரிசை முதுகு அசையவில்லை.

"ஹாட்டன், லாசெல்ஸ்," என்றாள் மறுபடி. அதுவரை அவரிடம் ஒரு நாளும் பேசாத விதத்தில் பேசினாள். "தினம் காலையில இந்தப் பேரெல்லாம் கூப்பிட்ட மானிட்டர் யாரு? நீதான லாசெல்ஸ்? என் பேரு வந்தா மட்டும் யூ-ஃபீ-மி-யான்னு இழுத்து இழுத்து வாசிச்சிட்டு, கிளாஸ் சிரிக்குதான்னு பாப்ப. தம்பி தங்கச்சியப் பாத்துக்க என்னப் பள்ளிக்கூடத்த விட்டு நிறுத்துற வரைக்கும் அந்தப் பேரு உன் வாயிலதான் இருந்திச்சு. நீ படிச்சு மேல போன. என் பேர வழியில எங்கயோ போட்டுட்ட. அதுக்கு நானா சாட்சி தேடி அலையணும்?"

டீச்சர் ஹாட்டன் மெதுவாக எழுந்தார். திரும்பினார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தார்.

"பிரசன்ட்," என்றார்.

ஆராதனை முடிந்ததும் பெஞ்சிலேயே உட்கார்ந்து, அவள் கைப்பையிலேயே கிடந்த விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டார். எத்தனை காலமாகத் தெரியும் என்ற இடத்தில் 'பள்ளிப் பருவம் முதல்' என்று எழுதினார். சட்டைப் பையிலிருந்து முத்திரையை எடுத்துக் குத்தினார்.

"என் மேல வருத்தம் இருக்கா?" என்று கேட்டார், அவளைப் பார்க்காமல்.

"மன்னிக்கணும்னு கட்டளை இருக்கு, மன்னிச்சிருவேன். முதல்ல போட்டோவுல எழுது."

படத்தின் பின்பக்கம் ஆளின் பேரை எழுதி, இது இவருடைய உண்மையான சாயல்தான் என்று ஜே.பி. உறுதி கூற வேண்டும். இரண்டு படங்கள். முதல் படத்தில் நன்றாக எழுதினார். இரண்டாவதில் எழுதத் தொடங்கியவர் பாதியில் நிறுத்திவிட்டார். எட்டிப் பார்த்த மாஸ் கோக்கோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"டைனின்னு எழுதிட்டாரு!"

"கைப் பழக்கம்," என்றார் டீச்சர் ஹாட்டன். பேனாவின் மூடியைத் தேடினார்.

அடித்து எழுதினால் செல்லாது. புதுப் படம் எடுக்க பிளாக் ரிவர் டவுனுக்குத்தான் போக வேண்டும். மிஸ் டைனி அந்தப் படத்தை வாங்கிப் பார்த்தாள். அழகான கையெழுத்து. அவளுக்கு மறுபடி மூச்சு வாங்கியது.

"நாளைக்குக் காலையில மாஸ் கோக்கோ வண்டி வரும்," என்றாள். "நீயும் ஏறு. பேனாவ மறக்காத."

மறுநாள் பின் சீட்டில் டீச்சர் ஹாட்டன் கதவோடு ஒட்டி நசுங்கி உட்கார்ந்து வந்தார். வளைவு வந்தபோதெல்லாம் அவள் பக்கம் சாய்ந்தார், அவள் நகரவில்லை. டவுனில் டீச்சர் ஹாட்டன் பேனாவோடு பக்கத்தில் நிற்க, படம் எடுக்கிற பெண் திரையை இழுத்துவிட்டு, "பாஸ்போர்ட்டுக்குச் சிரிக்கக் கூடாது, ஆன்ட்டி. நேராப் பாருங்க. உங்க பேரு?" என்று கேட்டாள்.

மிஸ் டைனி நேராகப் பார்த்தாள். சிரிப்பு எதுவும் வரவில்லை.

"அவரு சொல்லுவாரு," என்றாள்.