கிரிவலத்தில் ஒரு ஜோடி செருப்பு

கடவுள் இருக்கிறாரா இல்லையா என்பது முடிவாகாததால் என் கல்யாணம் ஒன்றரை மாதம் தள்ளிப்போனது.

தொண்ணூறுகளின் தொடக்கம். கோயில் பக்கத்து ஜவுளிக்கடை ஒன்றில் வேலை செய்துகொண்டிருந்தேன். படிப்பு பத்தாம் வகுப்போடு சரி. சின்ன வயதிலிருந்தே அதிகம் பேச வராது. கடைக்கு அது வசதியாக இருந்தது. மாமியார் பச்சைப் புடவையைப் பிடித்துக்கொண்டு நிற்பார், மருமகள் நீலத்தை விடமாட்டார். நான் இரண்டு பேருக்கும் தலையாட்டுவேன். இரண்டும் விற்றுப்போகும்.

பெண் பார்க்கப் போன இடத்திலும் பழக்கம் விடவில்லை. பெண்ணின் அப்பா பஸ் கண்டக்டர். பஸ் கீழ்பென்னாத்தூர் போய்ச் சேருவதற்குள் டிக்கெட்டையும் கிழித்து, கடவுள் இல்லை என்றும் நிரூபித்துவிடுவார். பெண்ணின் தாய்மாமன் கோயிலருகே தேங்காய், கற்பூரக் கடை வைத்திருந்தார். பெண்ணின் அப்பா என்னை வாசலுக்குக் கூட்டிப்போய், "சாமியெல்லாம் சும்மா, இல்லீங்களா தம்பி?" என்றார். தலையாட்டினேன். கை கழுவப் போன இடத்தில் மாமன், "நமக்கு மேல ஒருத்தன் இருக்கான், இல்லீங்களா?" என்றார். அதற்கும் ஆட்டினேன். நாங்கள் கிளம்பிய பிறகு இருவரும் என்னைப் பற்றிப் பெருமையாகப் பேசிக்கொண்டதில் விஷயம் வெளியே வந்துவிட்டது.

சாமி கும்பிடாதவனுக்குப் பெண் கிடையாது என்று மாமன். கும்பிடுகிறவனுக்குக் கிடையாது என்று அப்பா. எனக்கோ, நான் காபியைச் சட்டையில் கொட்டிக்கொண்டதைப் பார்த்து உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிய அந்தப் பெண்ணை விட மனசில்லை. கடைசியில் மாமன் ஒரு வழி சொன்னார். பௌர்ணமியன்று மூவரும் மலையைச் சுற்ற வேண்டும். இருவர் சொல்வதையும் கேட்டுவிட்டு, நான் வாயைத் திறந்து ஒரு பதில் சொல்ல வேண்டும். டாக்டர் நடக்கச் சொல்லியிருப்பதால் மட்டும் வருவதாக அப்பா சொன்னார். அதுவும் செருப்போடுதான் என்றார்.

செருப்பு போட்டால் மாமனுக்கு ஆகாது. வெறுங்காலோடு போனால் அப்பாவுக்கு ஆகாது. எனவே என் தோல் செருப்பைக் கடைப் பையில் போட்டு அக்குளில் இடுக்கிக்கொண்டு வெறுங்காலோடு போனேன். அப்பா கேட்டால் பையைக் காட்டிக்கொள்ளலாம்.

சாயங்காலம் நாலு மணிக்குக் கிளம்பினோம். தார் ரோடு இன்னும் சுட்டது. மாமன் மலையைக் காட்டி, ஒரு மண்பானைக்கே செய்கிற ஆள் வேண்டியிருக்கிறதே, இது மட்டும் தானாக வந்ததா என்றார். அந்த ஆளைச் செய்தது யார் என்றார் அப்பா. அவரை யாரும் செய்யவில்லை என்றார் மாமன். அப்படியென்றால் மலையையே யாரும் செய்யவில்லை என்று வைத்துக்கொள்வோமே, நடுவில் ஒரு ஆள் எதற்கு என்றார் அப்பா. தலையாட்டப் போனவன் சட்டென்று நிறுத்திக்கொண்டேன்.

அடுத்து அப்பா தன் பஸ்ஸைக் கொண்டுவந்தார். முன்சீட்டுக்காரர் நாற்று நட்டுவிட்டு மழை வேண்டும் என்று மலையைப் பார்த்துக் கும்பிடுகிறார். பின்சீட்டுக்காரர் வேர்க்கடலை காயப்போட்டுவிட்டு மழை வேண்டாம் என்று கும்பிடுகிறார். "ரெண்டு பேரும் ஒரே ஸ்டாப்பு மச்சான். உங்க சாமி யார் பேச்சைக் கேப்பாரு?"

மாமன் துண்டால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "சாமி இல்லன்னா ஒரு கற்பூரம்தான் நஷ்டம் மாமா. இருந்துட்டா?" என்றார்.

"அந்தக் கற்பூரத்த விக்கிறதே நீங்கதானே?"

அடி அண்ணாமலைக் கிராமத்தை நெருங்கும்போது அப்பாவின் ரப்பர் செருப்பு வார் அறுந்தது. பக்தியில் வெறுங்காலோடு வருவதாக யாரும் நினைத்துவிடக் கூடாதென்று அறுந்த செருப்பை எல்லோருக்கும் தெரியும்படி தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தார். அப்படியும் ஒரு சுண்டல் கடைக்காரர், தினமும் அவர் பஸ்ஸில் வருபவராம், "கண்டக்டர் சார், நீங்களும் சுத்த ஆரம்பிச்சுட்டீங்களா?" என்று நெஞ்சுருகக் கும்பிட்டார்.

"யாரு அறுத்தது மாமா?" என்றார் மாமன்.

"ஊர்ல அவ்ளோ கஷ்டம் கெடக்குது. அதெல்லாம் உட்டுட்டு என் செருப்பு வாரை அறுக்க வந்தாரா?"

அப்பாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பையைப் பிரித்து என் செருப்பை அவர் காலடியில் வைத்தேன். குதிகால் பாதி வெளியே நிற்க, போட்டுக்கொண்டார்.

மாமனுக்குக் கண் கலங்கிவிட்டது. வெறுங்காலோடு வருகிற பையன் கையில் செருப்பைக் கொடுத்து அனுப்பியது யார் என்றார். அது மனிதனின் முன்யோசனை என்றார் அப்பா. இருவரும் நின்று என் பக்கம் திரும்பினார்கள்.

"தம்பி, நீங்களே சொல்லுங்க. எதுக்கு எடுத்தாந்தீங்க?" என்றார் அப்பா.

"உங்க ரெண்டு பேருக்கும் பயந்துதாங்க," என்றேன். ஆரம்பித்த பிறகு நிறுத்த வரவில்லை. "போட்டா இவரு வேணாம்பாரு, போடலன்னா நீங்க வேணாம்பீங்க. சாமி இருக்காரா இல்லையான்னு எனக்குத் தெரியாதுங்க. பொண்ணப் பிடிச்சிருக்குதுங்க."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு மறுபடி நடக்க ஆரம்பித்தார்கள். பிறகு மாமன், பையன் பொய் சொல்லவில்லை, உள்ளுக்குள் சாமி பயம் இருக்கிறது என்றார். சாமியை இழுக்காமல் உண்மையைச் சொன்னான், நம்ம ஆள்தான் என்றார் அப்பா. மிச்ச தூரமெல்லாம் கல்யாணத்துக்கு ஐயர் வேண்டுமா வேண்டாமா என்று சண்டை போட்டுக்கொண்டே போனார்கள். என்னை யாரும் கேட்கவில்லை. நான் பின்னால் நொண்டிக்கொண்டு போனேன்.

சுற்றி முடித்ததும் பெண் வீட்டு வாசலில் உட்கார்ந்து உள்ளங்காலைப் பார்த்தேன். கொப்புளம். அந்தப் பெண் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். உள்ளே இருவரும் கத்திக்கொண்டிருந்தார்கள்.

"கடைசில என்ன சொன்னீங்க?" என்றாள்.

தரையைப் பார்த்துக்கொண்டு, பெண்ணைப் பிடித்திருக்கிறது என்று சொன்னதைச் சொன்னேன்.

"இத அன்னிக்கே சொல்லியிருந்தா இங்கேயே முடிஞ்சிருக்கும் இல்லீங்களா? இதுக்கு எதுக்கு மலையச் சுத்தணும்?"

தலையாட்டினேன்.