கத்தரிப்பூ நிறப் பஸ்

பேய் என்றால் நடுராத்திரி, சுடுகாடு, நாய் ஊளை என்று நினைப்பவர்கள் இதைப் படித்துவிட்டு என்னிடம் சண்டைக்கு வர வேண்டாம். இது பட்டப்பகலில் நடந்தது. ஊரே நடமாடும் ரோட்டில் நடந்தது. நடந்தது யாருக்கோ இல்லை, எங்கள் அக்காவுக்கு. அவளுக்குப் பொய் சொல்ல வராது. சொன்னால் காது சிவந்து காட்டிக் கொடுத்துவிடும். இதைச் சொன்னபோது அவள் காது சிவக்கவில்லை. முகம்தான் வெளுத்துப்போயிருந்தது.

அக்காவுக்கு பஸ் டிப்போவின் பெயிண்ட் ஷெட்டில் வேலை. பழைய பெயிண்டைச் சுரண்ட வேண்டும், ஜன்னல் கண்ணாடிகளில் பேப்பர் ஒட்டி மறைக்க வேண்டும், ஸ்ப்ரே காய்ந்ததும் ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். அத்தான் அதே டிப்போவில் டிரைவர். "நீ அலங்காரம் பண்ணி அனுப்புற, நான் ஊர்கோலம் கூட்டிட்டுப் போறேன்" என்று கிண்டல் செய்வார்.

அதுவரை எங்கள் ஊரில் எல்லா பஸ்ஸும் சிவப்புதான். திடீரென்று மேலிடத்துக்கு ஒரு யோசனை வந்தது. ரூட்டுக்கு ஒரு கலர். மார்க்கெட் போகிற பஸ் பச்சை. துறைமுகம் போனால் நீலம். ஸ்டேஷனுக்கு மஞ்சள். எழுதப் படிக்கத் தெரியாதவர்கூட தூரத்திலிருந்தே தன் பஸ்ஸைக் கண்டுபிடித்துவிடலாம் என்றார்கள். நல்ல யோசனைதான். புதிதாக விடப்போகும் ஆஸ்பத்திரி ரூட்டுக்குக் கத்தரிப்பூ நிறம் ஒதுக்கினார்கள்.

அந்த ரூட்டுக்கு விட வண்டி இல்லை. எங்கிருந்தோ ஒரு பழைய பஸ்ஸை வாங்கி வந்து ஷெட்டில் நிறுத்தினார்கள். அக்கா சுரண்டத் தொடங்கினாள். சிவப்புக்குக் கீழே ஊதா. ஊதாவுக்குக் கீழே வெள்ளை. அதற்கும் கீழே ஏதோ ஒரு மண் நிறம்.

"எத்தனை சட்டைதான் மாத்தியிருக்கு இது!" என்றாள்.

"ஓடி ஒளிஞ்சவன்தான் இப்படி வேஷம் மாத்துவான்" என்றான் ரேடியோ. அவன் ஸ்ப்ரே அடிப்பவன். வாய் மூடவே மாட்டான், அதனால் அந்தப் பெயர்.

பெயிண்ட் அடித்துக் காய்ந்தது. பக்கவாட்டில் ஒட்ட பெரிய ஸ்டிக்கர் வந்திருந்தது: "ஏறுங்க! உங்களுக்கு இடம் இருக்கு!" அதை ஒட்டி முடித்ததும் மதியச் சாப்பாட்டு மணி அடித்தது. எல்லோரும் போய்விட்டார்கள். பேப்பரை உரித்துவிட்டுப் போகலாம் என்று அக்கா மட்டும் தங்கினாள்.

ஷெட்டில் அப்போது சத்தமே இல்லை. கம்ப்ரஸரும் ஓய்ந்திருந்தது. தகரக் கூரைக்குக் கீழே அனல். ஜாக்கெட் முதுகோடு ஒட்டிக்கொண்டது.

முதல் ஜன்னலில் பேப்பரை உரித்தாள். கண்ணாடியில் ஒரு வட்டம் பனி படிந்திருந்தது. துடைத்தாள். போகவில்லை.

பனி உள்பக்கம் இருந்தது.

இந்த வெக்கையில் பனி எப்படி... அடுத்த ஜன்னலை உரித்தாள். அங்கேயும் ஒரு வட்டம். அதற்கடுத்ததிலும். ஒவ்வொரு சீட்டுக்கும் ஒன்று. எல்லாம் ஒரே உயரத்தில். சரியாக... உட்கார்ந்திருப்பவரின் மூக்குக்கு நேராக.

அக்கா குனிந்து பார்த்தாள். அந்த வட்டம் மெதுவாகச் சுருங்கியது. பிறகு விரிந்தது. சுருங்கியது. விரிந்தது.

மூச்சு.

உள்ளேயிருந்து ஒரு இருமல் கேட்டது.

லொக்... லொக்...

அக்கா கையிலிருந்த பேப்பரைப் போட்டுவிட்டு ஓடினாள். சாப்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு ரேடியோ வந்து பஸ்ஸுக்குள் ஏறி இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தான். ஒன்றும் இல்லை. கண்ணாடிகள் பளிச்சென்று இருந்தன.

"பெயிண்ட்ல கலக்கற தின்னர் வாசனை தலைக்கு ஏறிடுச்சு அக்கா. எனக்கு ஒரு தடவை மேஸ்திரி ரெண்டு பேரா தெரிஞ்சாரு. ஒருத்தரையே தாங்க முடியல!"

அக்கா சிரித்துவிட்டாள். தின்னர் அப்படிச் செய்யும் என்பது அவளுக்கும் தெரியும். வீட்டில் வாயே திறக்கவில்லை. திறந்திருக்கலாம். ஏனென்றால் மறுவாரம் அந்த பஸ்ஸை ஓட்ட அத்தானைத்தான் போட்டார்கள்.

கண்டக்டர் கிடையாது. வாசலில் டிக்கெட் மெஷின். அத்தான் தனியாள்.

ஆரம்பத்திலிருந்தே அந்த வண்டியில் யாரும் ஏறவில்லை. ஸ்டாப்பில் நிற்கும், கதவு திறக்கும், ஜனங்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். ஆஸ்பத்திரிக்கு அவசரமாகப் போக வேண்டியவர்கள்கூட ஆட்டோ பிடித்துப் போனார்கள். மேலிடத்தில் கூட்டம் போட்டுப் பேசினார்கள். கத்தரிப்பூ நிறம் துக்க நிறம் போல இருக்கிறது, ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் பயப்படுகிறார்கள் என்று முடிவு செய்தார்கள். வண்டி மறுபடி ஷெட்டுக்கு வந்தது. ஆரஞ்சு அடித்தார்கள். இந்தத் தடவை பேப்பர் உரிக்கும்போது அக்கா ரேடியோவைப் பக்கத்திலேயே நிறுத்தி வைத்துக்கொண்டாள்.

ஆரஞ்சிலும் ஒரு ஈ காக்கைகூட ஏறவில்லை.

ஆனால் அத்தான் இளைத்துக்கொண்டே போனார். வீட்டுக்கு வந்தால் சாய்ந்தவர் எழுந்திருப்பதில்லை.

"காலி வண்டிதானே ஓட்டுறீங்க? மூட்டை தூக்கின மாதிரி வர்றீங்க!"

"காலிதான். ஆனா மேட்டுல இழுக்கவே மாட்டேங்குது. பிரேக் போட்டா..." நிறுத்தினார்.

"போட்டா?"

"பின்னாடி ஒரு கூட்டமே என் மேல சாயுற மாதிரி இருக்கு."

மெக்கானிக் எல்லாவற்றையும் கழற்றிப் பார்த்துவிட்டு, வண்டியில் ஒரு குறையும் இல்லை என்று சொல்லிவிட்டார்.

அந்த வாரமே காய்கறிக் கடையில் அக்கா பேச்சுவாக்கில் கேட்டாள். "அந்த ஆரஞ்சு பஸ்ல ஏன் யாரும் ஏற மாட்டேங்கறீங்க? கலர் பிடிக்கலையா?"

கடைக்கார அம்மா தக்காளியை நிறுத்தபடியே சொன்னாள். "கலர்ல என்னம்மா இருக்கு? அதுல கால் வைக்க எங்க இடம் இருக்கு? எப்பப் பாரு, படியில தொங்கிட்டு வர்றாங்க."

அக்கா பையை மடித்து இடுக்கிக்கொண்டாள்.

பொருள் வாங்கவில்லை. நேராக ஆஸ்பத்திரி ரூட்டில் உள்ள முதல் ஸ்டாப்புக்குப் போனாள். நல்ல வெயில். ஒரு இளம்பெண், தோளில் குழந்தை. ஒரு பெரியவர், கையில் எக்ஸ்ரே கவர். எல்லாம் சாதாரணமாக இருந்தது.

வளைவில் ஆரஞ்சு தெரிந்தது.

பஸ் ஒரு பக்கமாகச் சாய்ந்து வந்தது. படிப் பக்கம்.

"ஃபுல்லு" என்றார் பெரியவர், அலுப்பாக.

ஆமாம். நிறைந்திருந்தது. சீட்டெல்லாம் ஆள். நடுவில் நெருக்கியடித்துக்கொண்டு ஆள். கம்பியில் வரிசையாகக் கைகள்.

ஆனால் சத்தம் இல்லை. அவ்வளவு கூட்டத்தில் ஒரு பேச்சு இல்லை. ஒரு குழந்தை அழவில்லை. பஸ் குலுங்கியது. அவர்கள் குலுங்கவில்லை.

எல்லாரும் ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அத்தானின் பின்கழுத்தை.

பஸ் நின்றது. புஸ்ஸ்... கதவு திறந்தது.

"நீ எங்க இங்க?" அத்தான் சிரித்தார். "ஏறு. காலியாத்தான் இருக்கு."

அத்தனை தலைகளும் அக்கா பக்கம் திரும்பின.

ஒன்றாக.

முன் சீட்டில் ஒரு பெண். மெல்ல நகர்ந்தாள். பக்கத்து இடத்தைக் கையால் தட்டினாள்.

தட்... தட்...

அக்கா படியில் ஒரு கால் வைத்துவிட்டிருந்தாள். எப்போது வைத்தாள் என்று இன்றுவரை அவளுக்குத் தெரியாது. எட்டி அத்தானின் சட்டையைப் பிடித்தாள்.

"இறங்குங்க."

"என்ன ஆச்சு?"

"இறங்குங்கன்னா இறங்குங்க!"

அப்படி ஒரு குரலை அத்தான் கேட்டதில்லை. எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கினார். அவர் கால் தரையில் பட்டதும் அக்கா மறுபடி பார்த்தாள்.

காலி சீட்டுகள். வெயில். அவ்வளவுதான்.

"என்ன, எல்லாரும் எப்ப இறங்கினாங்க?" என்றார் பெரியவர், கண்ணைக் கசக்கிக்கொண்டு.

அக்கா அத்தானின் சட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காலரில், தோளில், முதுகில்... ஈரம். வேர்வை இல்லை. விரல்கள். பெரிய விரல் தடங்கள், சின்ன விரல் தடங்கள்.

அதற்குப் பிறகு அத்தான் அந்த வண்டியைத் தொடவில்லை. முதுகுவலி என்று லீவு போட்டு, திரும்பி வந்ததும் நீல வண்டிக்கு மாற்றிக்கொண்டார். அடுத்துப் போட்ட டிரைவர்களும் ஆளுக்கொரு காரணம் சொல்லி ஒதுங்கினார்கள். கடைசியில் எஞ்சின் இழுக்கவில்லை என்று முடிவுகட்டி, பழைய இரும்புக்கு விற்றுவிட்டார்கள். தொலைந்தது சனியன் என்று அக்கா நிம்மதியாகத் தூங்கினாள்.

பல மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தானின் சித்தப்பா மகன் வீட்டுக்கு வந்தான். பழைய இரும்பு வாங்கும் யார்டில், லாரி எடை போடும் மேடையில் அவனுக்கு வேலை. அந்த பஸ்ஸைப் பற்றி அவனுக்கு யாரும் எதுவும் சொன்னதில்லை. தானாகத்தான் ஆரம்பித்தான்.

"அண்ணே, உங்க டிப்போவிலேருந்து ஒரு ஆரஞ்சு பஸ் வந்துச்சே... கட்டி இழுத்துட்டு வந்தாங்க. மேடையில ஏத்தினா எடை எக்கச்சக்கமா காட்டுது. காலி வண்டி அவ்வளவு இருக்கவே இருக்காது. மெஷின் கோளாறோன்னு வேற லாரி ஏத்திப் பார்த்தோம். சரியா காட்டுது. உள்ள எதையோ போட்டு வச்சிருக்காங்கன்னு கதவைத் திறந்தோம். ஒண்ணுமே இல்ல."

"அப்புறம்?" என்றார் அத்தான்.

"கதவைத் திறந்து வச்சிட்டு நின்னோம். எடை குறைய ஆரம்பிச்சுது அண்ணே. யாரும் எதையும் தொடல. அறுபது கிலோ குறையுது. கொஞ்சம் நிக்குது. எழுபது குறையுது. நிக்குது. நடுவுல ஒண்ணு... பதினஞ்சே கிலோ." அவன் தண்ணீரைக் குடித்தான். "ரொம்ப நேரம் அப்படியே குறைஞ்சுது. கடைசியில காலி பஸ் எடைக்கு வந்து நின்னுடுச்சு."

அத்தானின் கை தானாகப் பின்கழுத்துக்குப் போனது.

"உங்க யார்டுக்கு வெளிய என்ன இருக்கு?" என்று அக்கா மெல்லக் கேட்டாள்.

"மெயின் ரோடுதான் அண்ணி. கேட்டுக்கு எதிர்லயே பஸ் ஸ்டாப்."

"எந்தக் கலர் பஸ் நிக்கும்?"

அவன் யோசிக்கவே இல்லை.

"எல்லாக் கலரும் நிக்கும்."