வாகீசன் வைத்த கையொப்பம்

வாகீசனுக்குப் பார்வை ஒருநாளில் போகவில்லை. விடிகாலைப் பனி கடலை மூடுவது போல, ஓரங்களிலிருந்து மெல்ல மெல்ல மங்கியது. இருபத்தாறு வருஷம் பருத்தித்துறைத் தபால் கந்தோரில் கடிதம் பிரித்தவர். ஒருநாள் தும்பளை ஊர்க் கடிதங்களை அல்வாய் ஊர்க் கட்டுக்குள் வைத்துவிட்டார். மறுநாளும் அப்படித்தான். மருத்துவச் சபை சோதித்துப் பார்த்து, ஐம்பத்தொரு வயதில் அவருக்கு ஓய்வு கொடுத்தது.

கனவில் மட்டும் பார்வை இருந்தது. மத்தியானத் தூக்கத்தில் கடிதங்கள் வந்து குவியும். ஒவ்வொரு கையெழுத்தும் துலக்கமாகத் தெரியும். விழித்தால் எல்லாம் பால் நிறம். எழும்ப மனமில்லாமல் கொஞ்ச நேரம் அப்படியே கிடப்பார்.

நான்கு வருஷம் இப்படிப் போனது. ஒருநாள் மனைவி பிரியந்தினி வங்கியிலிருந்து வந்த கடிதத்தை வாசித்தாள். ஓய்வின்போது மொத்தமாகக் கிடைத்த தொகையை அவர்கள் நிலையான வைப்பில் போட்டிருந்தார்கள். வட்டியில் பத்து வீதம் வரியாகக் கழிக்கப்பட்டிருந்தது.

"கண் போனதுக்குத் தந்த காசு. அதுக்குமோ வரி?" என்றார் வாகீசன். தொகை பெரிதில்லை. ஆனாலும் தன் இருட்டுக்கே யாரோ வரி போட்டதுபோல் இருந்தது. இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

"இருந்து யோசிச்சு என்ன? போய்க் கேப்பம்," என்றாள் பிரியந்தினி.

வங்கியில் தாரிகா என்ற இளம் உத்தியோகத்தர் கதிரையை இழுத்துப் போட்டாள். "ஐயா, உங்கடை பென்சனுக்கு வரி இல்லை. வைப்பிலை வாற வட்டிக்குத்தான் பிடிக்கிறம். உங்கடை வருஷ வருமானம் வரி எல்லைக்குக் கீழை எண்டால், அதைச் சொல்லி ஒரு பிரகடனப் பத்திரம் தந்தால் காணும். பிறகு பிடிக்கமாட்டம்."

"பிடிச்சது?"

"அதை இறைவரித் திணைக்களத்திட்டைத் திருப்பிக் கேக்கலாம். கொஞ்சம் அலைச்சல்தான்."

பத்திரத்தை வரிவரியாக வாசித்துக் காட்டிவிட்டு, "பெருவிரல் அடையாளம் வைக்கிறியளோ?" என்று தயக்கத்தோடு கேட்டாள்.

வாகீசன் கையை மடியிலேயே வைத்துக்கொண்டார். "நான் எழுதத் தெரியாதவன் இல்லைப் பிள்ளை."

பார்வை போன பிறகு அவர் பேனை தொட்டதில்லை. தாரிகா கோடு கீறும் அடிமட்டத்தைக் கையொப்பக் கோட்டின் கீழ் பிடித்து, அவர் விரலை அதன் விளிம்பில் வைத்தாள். பேனை காகிதத்தைத் தொட்டதும் சுற்றிலும் கேட்ட பேச்செல்லாம் தூரப் போனது. கை தானாக நடந்தது. வகரத்தின் வளைவு, நெடிலின் சுழி, கடைசியில் நீளும் வால் எல்லாம் பால் வெளியில் நீல மையாக ஓடுவதை அவர் கண்டார்.

தாரிகா பழைய கையொப்ப அட்டையை எடுத்து ஒப்பிட்டாள்.

"பொருந்துது ஐயா. வால் மட்டும் கொஞ்சம் மேலை போயிட்டுது."

"அது முந்தியும் அப்பிடித்தான்," என்றார்.

திரும்பும்போது ஓட்டோ வேண்டாமென்றார். பிரியந்தினியின் தோளைப் பிடித்துக் கடற்கரை வீதியால் நடந்தார். உப்புக் காற்று முகத்தில் பட்டது.

"வருஷா வருஷம் கையொப்பம் வைச்சுக் குடுக்க வேணுமாம் உந்தப் பத்திரம்," என்றாள் அவள், அலுப்போடு.

"ஓம். குடுப்பம்."

அவர் சொன்ன விதத்தில் அவள் திரும்பிப் பார்த்தாள். மனிதர் சிரித்துக்கொண்டிருந்தார்.