சைக்கிள் சங்கிலியும் அறுபத்து நான்கு இலைகளும்

பழைய இரும்புக் கிடங்கில் ஏழு வருஷம் தராசுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததால் அவளுக்கு எடைக்காரி என்று பெயர் வந்தது. கல்யாணமாகி, தராசை விட்டுப் பத்தொன்பது வருஷம் ஆன பிறகும் அந்தப் பெயர் அவளை விட்டபாடில்லை. விடுவதற்கு நியாயமும் இல்லை. ஒரு துண்டு இரும்பைக் கையில் வாங்கி ஒரு தடவை மேலும் கீழும் அசைத்துவிட்டு, "ரெண்டேகால் கிலோ" என்பாள். தராசில் போட்டால் ரெண்டேகால்தான் இருக்கும். இதைப் பார்த்து வாயைப் பிளந்தவர்களில் ஒருவன், லாரியின் பழைய வில்பட்டை வாங்க வந்த இளம் கொல்லன். வாரம் ஒரு தரம் வந்துகொண்டிருந்தவன், அதற்குப் பிறகு தேவையே இல்லாத இரும்பை வாங்க வாரம் மூன்று தரம் வந்தான். பட்டறையில் இரும்பு வைக்க இடமில்லாமல் போனபோது கல்யாணப் பேச்சை எடுத்தான்.

கல்யாணமான முதல் வருஷமே பட்டறையில் ஒரு தலைகீழ் மாற்றம் நடந்தது. கணவனுக்குத் தோள் பிடித்துக்கொண்ட ஒரு நாள், அவசரத்துக்கு அவள் சுத்தியலை எடுத்தாள். அடி ஒவ்வொன்றும் கண் பார்த்த இடத்தில் நூல் பிடித்தாற்போல விழுந்தது. தோள் சரியான பிறகும் அவன் சுத்தியலைத் திரும்பக் கேட்கவில்லை. "இனிமே நீயே அடி. நான் பிடிச்சுக்கறேன்" என்று சொல்லிவிட்டு, இரும்பைக் கவ்வும் குறட்டைத் தன் கையில் எடுத்துக்கொண்டான். உலையிலிருந்து பழுத்த இரும்பைக் குறட்டால் கவ்வி அடைகல்லின் மேல் வைத்து அசையாமல் பிடித்துக்கொள்வது அவன் வேலை. அடிப்பது அவள் வேலை.

அந்த ஏற்பாட்டில் ஒரே ஒரு சிக்கல், அவன் வாய். தெருவில் அவனுக்கு ரேடியோ என்று பெயர். காலையில் பட்டறைக் கதவைத் திறக்கும்போது தொடங்கும் பேச்சு, மாலையில் உலை அணையும்போதுதான் அணையும். பேச்சு மட்டும் என்றால் பரவாயில்லை, அவனுக்குக் கையும் சேர்ந்து பேசும். பேருந்து வளைவில் திரும்பியதைச் சொன்னால் இரண்டு கையும் சேர்ந்து வளைவில் திரும்பும். கையில் குறடு இருந்தால் குறடும் திரும்பும்.

கதவும் ஜன்னல் கம்பியும் கடப்பாரையும் செய்துகொண்டிருந்த வரைக்கும் இது பெரிதாகத் தெரியவில்லை. அப்போதுதான் பக்கத்துத் தெருத் தச்சர் வந்தார்.

"அக்கா, கண் டாக்டர் வீட்டு மாடிப்படி முடிஞ்சுது. மரவேலை எல்லாம் நம்ம கை. கைப்பிடிக்குக் கீழே இரும்புல கொடி ஓடணும்னு அந்தம்மா ஆசைப்படறாங்க" என்று ஒரு தாளை விரித்தார். தாளில் கொடியும் கொடி முழுக்க இலைகளும். உள்ளங்கை அகலத்தில் அறுபத்து நான்கு இலைகள். ஒவ்வொன்றிலும் நடுவில் ஒரு நரம்பு, பக்கத்துக்கு மூன்று கிளை நரம்புகள்.

"ஒரு மாசம் போதுமா?"

"தாராளமா" என்றான் ரேடியோ. எடைக்காரி அவனை ஒரு பார்வை பார்த்தாள்.

இலைக்கு நரம்பு போடுவது மற்ற வேலை மாதிரி இல்லை. இடது கையில் உளி, வலது கையில் சுத்தியல். இலையைத் தொட மூன்றாவது கை கிடையாது. இலை மெல்லிசு என்பதால் உலையை விட்டு வந்ததும் பத்து எண்ணுவதற்குள் சூடு இறங்கிவிடும். அதற்குள் இரண்டு நரம்பாவது விழ வேண்டும். அந்தப் பத்து எண்ணிக்கையும் குறடு பிடித்த கை மலை மாதிரி நிற்க வேண்டும்.

முதல் பதினோரு இலை எப்படியோ தேறியது. பன்னிரண்டாவது இலையின்போது, தப்பான பேருந்தில் ஏறித் தூங்கிப்போன ஒருத்தரின் கதையை ரேடியோ சொல்லிக்கொண்டிருந்தான். "கண்ணை முழிச்சுப் பாக்கறாரு, ஊரே வேற! சடார்னு இப்படித் திரும்பி..." என்றபோது அவன் மணிக்கட்டும் சடாரென்று திரும்பியது. உளி வழுக்கி இலையை இரண்டாக வெட்டியது. நுனி எகிறி நேராக அவன் சட்டைப் பையில் விழுந்தது. அடுத்த ஒரு நிமிஷம் அவன் ஆடிய ஆட்டத்தை வர்ணிக்கத் தனியாக ஒரு ரேடியோ வேண்டும். நல்லவேளையாகப் பைக்குள் இருந்த சீப்பு உருகியதோடு போயிற்று.

அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்த மறு நொடி எடைக்காரிக்குக் கோபம் வந்தது. "உங்க வாயும் நிக்காது, உங்க கையும் நிக்காது! உங்களுக்குப் பதிலா ஒரு கல்லைக் கட்டி விட்டிருந்தாக்கூட ஒழுங்கா பிடிச்சிருக்கும்!"

ரேடியோ ஒரு நிமிஷம் பேசாமல் நின்றான். அதுவே பெரிய சேதி. பிறகு குறட்டை ஓசையில்லாமல் கீழே வைத்தான். "சரி. கல்லையே கட்டிக்கோ" என்று சொல்லிவிட்டு வெளியே போனான்.

போனவன் சும்மா போகவில்லை. பேருந்து நிலையத்தில் ஒலிபெருக்கியில் அறிவிப்புச் சொல்ல ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள். சாயங்காலம் வீடு திரும்பியபோது வேலை கையில் இருந்தது. "நாளையிலேர்ந்து வரச் சொல்லிட்டாங்க. அங்க பேசறதுதான் வேலையே" என்றான் சோற்றைப் பார்த்துக்கொண்டே. அவள், "நல்லது" என்றாள், குழம்பைப் பார்த்துக்கொண்டே.

மறுநாள் காலை அவன் எழுந்திருக்கும் முன்பே எடைக்காரி பட்டறையில் இருந்தாள். கோபத்தில் சொன்னாலும், கல்லைக் கட்டும் யோசனை அவளுக்குப் பிடித்துவிட்டது. ஒரு கம்பியின் இரண்டு முனையிலும் பாதிப் பாதிச் செங்கல்லைக் கட்டி இலையின் குறுக்கே போட்டாள். முதல் அடிக்கே செங்கல் ஊஞ்சலாடி முழங்காலைப் பதம் பார்த்தது. அடுத்து, தடித்த கம்பியைக் கொக்கின் கழுத்து மாதிரி வளைத்து, ஒரு முனையை அடைகல்லில் இருந்த வட்ட ஓட்டையில் இறக்கி, தலையில் ஒரு தட்டுத் தட்டினாள். கம்பியின் மூக்கு இலையை உடும்புப் பிடியாகப் பிடித்துக்கொண்டது. ஆனால் தட்டி இறக்கவும் தட்டி எடுக்கவும் பிடித்த நேரத்தில் இலை ஆறிக் கறுத்துவிட்டது. கொக்கைக் கழற்றி மூலையில் வைத்தாள்.

வளைந்து கொடுக்கிற ஒன்று வேண்டும், சூட்டில் பொசுங்கவும் கூடாது, வைத்த கணமே பிடிக்கவும் வேண்டும், விட்ட கணமே விடவும் வேண்டும். இடுப்பில் கை வைத்துப் பட்டறையைச் சுற்றிலும் பார்த்தாள். வாசலில் ரேடியோவின் சைக்கிள் சாய்ந்து நின்றது.

எட்டு மணிக்குத் தலை சீவி, கஞ்சி போட்ட சட்டையோடு அவன் வந்து சைக்கிளில் ஏறி மிதித்தான். பெடல் காற்றில் சுற்றியது.

"ஏம்மா, என் சங்கிலி எங்க?"

"உள்ளே வேலை பாக்குது" என்றாள் உள்ளேயிருந்து.

எட்டிப் பார்த்தான். இரண்டாக வெட்டப்பட்ட சங்கிலி, அடைகல்லின் மேல் தண்டவாளம் மாதிரி பக்கத்தில் பக்கத்தில் கிடந்தது. ஒரு பக்கத்து முனைகள் அடைகல் நிற்கும் மரக்கட்டையில் ஆணி அடித்து இறுக்கப்பட்டிருந்தன. மறுபக்கத்து முனைகள் கம்பியோடு கீழே இறங்கி ஒரு பலகையில் முடிந்தன. பலகையைக் காலால் மிதித்தால் சங்கிலி இலையை அழுத்தும்.

வேலைக்குச் சேரும் முதல் நாள், நேரமாகிவிட்டது, சண்டை போட நேரமில்லை. ரேடியோ நடந்தே போனான். அரை மணி கழித்து, கூரைகளைத் தாண்டி அவன் குரல் கணீரென்று மிதந்து வந்தது. மூச்சு வாங்கிக்கொண்டே பயணிகளை மூன்றாம் நடைமேடைக்கு அழைத்தது.

சங்கிலி நன்றாகத்தான் பிடித்தது. ஆனால் ஒரு காலில் நின்றுகொண்டு உளி பிடித்து அடிப்பது வித்தைக்காரர்களுக்குத்தான் சரிப்படும். மத்தியானத்துக்குள் இடுப்பு விட்டுப்போயிற்று. அன்று சாயங்காலம் குளித்து முடித்து ஈரத்தலையைத் துவட்டிக்கொண்டிருந்தபோது சட்டென்று அவளுக்கு விளங்கியது. பிடிக்கிறதுக்கு ஏன் மிதிக்கணும்? விடுறதுக்கு மிதிச்சா போதாதா?

மறுநாள் ஒரு காலி பெயிண்ட் டப்பாவில் மணலை நிரப்பிக் கம்பியில் தொங்கவிட்டாள். டப்பாவின் எடை எந்நேரமும் சங்கிலியைக் கீழே இழுத்துக்கொண்டிருக்கும். பலகையைக் குழந்தைகள் ஏறி இறங்கி ஆடும் ஏற்றப்பலகை மாதிரி மாற்றி அமைத்தாள். ஒரு நுனியை மிதித்தால் மறு நுனி டப்பாவைத் தூக்கும், சங்கிலி தளரும், இலையை உள்ளே தள்ளலாம். காலை எடுத்தால் பிடி. மணல் குறைவாக இருந்தால் இலை நழுவியது, அதிகமானால் சங்கிலியின் கண்ணி இலையில் பதிந்தது. டப்பாவைக் கையில் தூக்கித் தூக்கி, ஒரு பிடி போட்டு, அரைப் பிடி எடுத்து, "எட்டு கிலோ முந்நூறு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அந்த விஷயத்தில் அவளை அடிக்க ஆளில்லை.

பத்து இலை வேகமாகப் போட்டாள். பிறகுதான் கோளாறு கண்ணில் பட்டது. இடது பக்கத்துக் கிளை நரம்புகள் எல்லாம் ஒரு மயிரிழை வளைந்திருந்தன. மணலைக் கூட்டினாள், குறைத்தாள். சங்கிலியைத் தள்ளிப் போட்டாள், கிட்டே போட்டாள். தலைகீழாக நின்றும் நரம்பு நேராகவில்லை.

நடுவே தச்சர் வேறு எட்டிப் பார்த்தார். "ஆளில்லாம எப்படிக்கா? சொல்லுங்க, நான் வேணா வேற பட்டறையில..." என்று இழுத்தார். "இன்னும் பத்து நாள் இருக்கு. பத்தாவது நாள் வாங்க" என்று அனுப்பி வைத்தாள். அவர் தலை மறைந்ததும் முக்காலியில் உட்கார்ந்து ஒரு செம்புத் தண்ணீரை மடமடவென்று குடித்தாள். பயமாகத்தான் இருந்தது.

நாலைந்து நாளாக வீட்டில் இருவருக்கும் பேச்சு, சோறு போடட்டுமா, போடு என்ற அளவில்தான். அன்று மத்தியானம் சாப்பாட்டு இடைவேளையில் ரேடியோ பட்டறை வாசலில் வந்து நின்றான். அவள் இலையை எடுப்பதையும், மிதிப்பதையும், விடுவதையும், வெட்டுவதையும் பார்த்துக்கொண்டே இருந்தான். முகம் சின்னதாகிப் போயிருந்தது. பத்தொன்பது வருஷம் தான் நின்ற இடத்தில் ஒரு பெயிண்ட் டப்பா தொங்குகிறதே என்று.

"நல்லாத்தான் பிடிக்குது" என்றான் கடைசியில்.

"பேசவும் மாட்டேங்குது" என்று சொன்ன பிறகுதான் அவன் முகத்தைப் பார்த்தாள். சொல்லியிருக்க வேண்டாம் என்று பட்டது.

அவன் முடிந்த இலைகளில் ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பினான். "இடது பக்கம் எல்லாம் வளையுது."

"தெரியும். ஏன்னுதான் தெரியல."

"நீ இடது பக்கம் வெட்டும்போது உளியைக் கொஞ்சம் சாய்ப்பே. அடி விழுந்ததும் இலை என் பக்கம் திரும்பப் பாக்கும். அது கிளம்பும்போதே நான் காம்பை இந்தப் பக்கம் ஒரு முறுக்கு முறுக்கிப் பிடிச்சுப்பேன். வலது பக்கம்னா அந்தப் பக்கம்." காற்றில் மணிக்கட்டை முறுக்கிக் காட்டினான். "டப்பா மேலேர்ந்து அழுத்துது, சரி. பக்கத்துல திரும்பறதை யாரு தடுப்பா?"

எடைக்காரி உளியைக் கீழே வைத்தாள். பத்தொன்பது வருஷம் அவள் அடித்த அடிக்கெல்லாம் எதிர்முனையில் இவன் இப்படி ஒரு முறுக்குக் கொடுத்துக்கொண்டே இருந்திருக்கிறான். ஊர்க்கதை பேசிக்கொண்டே. ஒரு நாளும் அதைச் சொன்னதில்லை.

"ஏங்க இத்தனை நாள் சொல்லல? மத்ததெல்லாம் சொல்வீங்களே!"

"இதுல சொல்ல என்ன இருக்கு? கை பாட்டுக்குச் செஞ்சுது" என்றான். நிஜமாகவே அவனுக்கு அது ஒரு சேதியாகத் தெரிந்திருக்கவில்லை.

அவள் அவன் சட்டைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். "காட்டுங்க. எங்க பிடிப்பீங்க, எவ்வளவு முறுக்குவீங்க."

அடைகல்லின் வால் பக்கத்தில் ஒரு சதுர ஓட்டை உண்டு. அதில் அசையாமல் உட்காரும்படி ஒரு கட்டை இரும்பை அராவி, அதன் தலையில் விரல் மாதிரி இரண்டு குட்டை முனைகளை நிமிர்த்தினாள். இலையின் காம்பு அந்த இரண்டு விரல்களுக்கு நடுவே உட்கார்ந்தது. இனி எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு விரல் தடுக்கும். விரல்களுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி வேண்டும் என்பதை ரேடியோ கண்ணை மூடிக்கொண்டு காம்பைப் பிடித்துப் பார்த்துச் சொன்னான். அன்று இரண்டு மணிக்குப் புறப்பட வேண்டிய பேருந்துகள் அறிவிப்பில்லாமலே புறப்பட்டன.

அடுத்த இலையின் ஏழு நரம்பும் பிசிறில்லாமல் விழுந்தன. அதற்கடுத்ததும்.

பத்தாவது நாள் தச்சர் வந்தபோது அறுபத்து நான்கு இலையும் துணி விரிப்பில் வரிசையாகக் கிடந்தன. ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். பிறகு சங்கிலி, டப்பா, பலகை, இரும்பு விரல் எல்லாவற்றையும் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். பலகையை ஒரு தடவை மிதித்துப் பார்க்கலாமா என்று கேட்டார். மிதித்தார். இன்னொரு தடவை மிதித்தார்.

"நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து செஞ்சீங்களா, இல்ல தனியாவா?" என்று கேட்டார்.

எடைக்காரி சற்று யோசித்தாள். "அடிச்சது நான். எப்படிப் பிடிக்கணும்னு சொன்னது அவரு" என்றாள்.

ரேடியோ குறட்டுக்குத் திரும்பவில்லை. பேருந்து நிலையத்தில் அவன் குரலுக்கென்றே கொஞ்சம் முன்னதாக வருகிற பயணிகள் சேர்ந்துவிட்டார்கள். எந்தப் பேருந்து தாமதம், அது ஏன் தாமதம், அந்த ஓட்டுநர் எவ்வளவு நல்லவர் என்பது வரைக்கும் சொல்வான். எடைக்காரியும் அவனைத் திரும்பக் கூப்பிடவில்லை. ஆனால் புதிதாக ஒரு வேலை வந்தால், இரும்பு எந்தப் பக்கம் உதறும் என்று சாயங்காலத் தேநீரின்போது அவனிடம் கேட்டுக்கொள்வாள். அவன் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, கண்ணை மூடி, மணிக்கட்டை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துப் பதில் சொல்வான். அந்த நேரத்தில் மட்டும் வாய் பேசாது.

மாடிப்படியைப் பார்த்தவர்கள் சொல்லிச் சொல்லி, ஆற்றின் குறுக்கே கட்டிக்கொண்டிருந்த நடைபாலத்துக்குக் கைப்பிடி கேட்டு ஒரு பொறியாளர் பட்டறைக்கு வந்தார். முந்நூற்று இருபது இலைகள், நடுநடுவே பறவைகளும் வேண்டும் என்றார். எத்தனை ஆட்கள் இருக்கிறார்கள் என்று கேட்டுவிட்டுப் பட்டறைக்குள் கண்ணை ஓட்டினார்.

"ஆள் நான் ஒருத்திதான்" என்றாள் எடைக்காரி. "பறவையோட படம் இருக்கா? றெக்கையை எப்படிப் பிடிக்கிறதுன்னு பாக்கணும்."