சொல்தா வீட்டு முடிச்சு

போன வாரம் உழவர்கரையில் ஒரு மனையை விற்றேன். அடுத்ததை வாங்க இரண்டு மூன்று மாதம் ஆகும். அதுவரை பணத்தை எங்கே போட்டு வைக்கலாம் என்று வங்கிக்குப் போனால், கண்ணாடி போட்ட ஒரு பெண் உட்காரவைத்து, குறுகிய கால டெபாசிட் அது இது என்று விடாமல் சொன்னது. மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். ஆனால் அந்தப் பெண்ணின் சம்பளத்தைவிட என் வட்டி அதிகம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். தலையாட்டிக் கையெழுத்துப் போட்டு வெளியே வந்தேன். வாசல் நிழலில் மீன்கூடையோடு ஒரு அம்மாள். அந்த வாடைதான் என் நினைப்பைப் பழைய சொல்தா வீட்டுக்கு இழுத்துப்போனது.

பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்ஷன் வாங்குகிறவரை எங்கள் ஊரில் சொல்தா என்போம், நேரில் கூப்பிட்டால் முசியே. இவர் தனிக்கட்டை. அடுத்தவன் காசு தேவைப்படாத மனுஷன் என்று மீன்காரி, கொத்தனார், நான், எல்லாரும் கைப்பணத்தை அவருடைய இரும்புப் பெட்டியில் வைப்போம். எழுத்தும் இல்லை, ரசீதும் இல்லை. அவரவர் துணி, அவரவர் முடிச்சு. கேட்டால் அதே முடிச்சு, அதே நோட்டு. என்னுடையது கைலித் துணி. சிமெண்டு வாடை அடிக்கும். என் முதல் லாரி அதிலிருந்துதான் வந்தது. இப்போது எத்தனை லாரி என்று ஊரைக் கேளுங்கள்.

வீராம்பட்டினத்து அஞ்சலை மீன் விற்கிறவள். நீலப் புடவைக் கிழிசலில், ஓலை வீட்டுக்குத் தளம் போடச் சேர்த்து வந்தாள். சிமெண்டு என் கடையில்தான் என்று பேச்சு.

பெரிய நோட்டு செல்லாது என்றார்களே, அப்போது சொல்தா வீடு வீடாகச் சைக்கிளில் போய் முடிச்சுகளைத் திருப்பிக் கொடுத்தார். அஞ்சலையிடம் மட்டும் கொடுக்க முடியவில்லை. மூளையில் ரத்தம் கட்டிக் கதிர்காமத்து ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தாள். வங்கி மேனேஜர் என்னைக் கண்டால் எழுந்து நிற்பார், கொடுங்கள், மாற்றித் தருகிறேன் என்று சொல்தாவிடம் போய் நின்றேன்.

"முடிச்சு அவ போட்டது. அவதான் அவுக்கணும்."

கத்தினேன். அசையவில்லை. தினமும் முடிச்சை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலருகே உட்கார்ந்து, "அஞ்சல, கண்ணத் தொறம்மா" என்று அவள் காதில் கூப்பிடுவார். கெடு முடிந்தது. பொங்கல் கழித்துத்தான் கண் திறந்தாள்.

ஒரு கை விளங்காமல் வீடு திரும்பியவள் மறு கையாலும் பல்லாலும் முடிச்சை அவிழ்த்தாள். பார்த்தாள்.

"அவுத்திருக்கலாமே முசியே."

"நீ சொல்லலியே."

மறுபடி முடிச்சுப் போடத் தடுமாறினாள். ஒரு முனையை நான் பிடித்துக்கொண்டேன். போட்டு அவர் கையிலேயே கொடுத்தாள். "சரி, வச்சிரு. இனிமே எந்தத் திருடனும் வர மாட்டான்."

சிரித்தது அவள் மட்டும்தான். சிமெண்டை இனாமாகத் தருகிறேன் என்றேன், வாங்கவில்லை. ஓலைக்குக் கீழேயே போய்ச் சேர்ந்தாள். அடுத்த மழைக்குச் சொல்தாவும் போனார். அவர் வீடு இப்போது வெள்ளைக்காரர்கள் வந்து தங்குகிற ஓட்டல். மஞ்சள் வண்ணம், வாசலில் காகிதப்பூ.

என் பணம் பத்திரமாக இருக்கிறது. எடுக்கப்போனால் போனில் ஒரு நம்பர் வரும். அதைப் படித்துச் சொல்லப் பேத்தி வேண்டும். நாளைக்கு நான் நினைவில்லாமல் கிடந்தால், அந்தப் பணத்தை மடியில் வைத்துக்கொண்டு என் பேரைச் சொல்லிக் கூப்பிட யாரும் வரப்போவதில்லை.